சாவிய எடுத்தாச்சு, கரண்ட் நிக்கல: வாசகர் கேள்வி பதில்

பனிக்காலத்துல காலையில கார் ஸ்டார்ட் ஆகாதது பத்திதான் இந்த மாசம் எழுதுறதா இருந்தேன். அதுக்குள்ள தலவாக்கலை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கடிதம் வந்துச்சு. படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு வேற வேலையே ஓடல. அதனால இந்த முறை முழுக்க நெருப்பு பத்தின கேள்விகள மட்டும் எடுத்துக்கிட்டேன், மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க, அடுத்த இதழ்ல கண்டிப்பா பதில் வரும்.

கேள்வி: அண்ணே, எங்க வீடு ஏழு பேர்ச்சஸ் காணி குடுத்து கட்டித்தந்த தோட்டத்து வீட்டு வரிசையில இருக்கு. போன மாசம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், வாசல்ல நின்ன கார் தானா ஹோன் அடிக்க ஆரம்பிச்சிச்சு, நிக்கவே இல்ல. எந்திரிச்சி பாத்தா லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது, பொனட் ஓரத்துல பொகை. இவரு கதவ தொறக்குறதுக்குள்ள நெருப்பு புடிச்சிருச்சு. பீலியில இருந்து வாளி வாளியா தண்ணி எடுத்து ஊத்தியும் ஒண்ணும் ஆகல. குசினி சுவரு பக்கம்தான் கார் நின்னுச்சு, உள்ள கேஸ் சிலிண்டர். பக்கத்து வீட்டு அண்ணன்தான் ஓடி வந்து சிலிண்டர தூக்கிட்டு போனாரு. ஆனா கார் நிப்பாட்டுற எடத்த பத்தி ரெண்டு வீட்டுக்கும் ஏற்கனவே மனஸ்தாபம், அதனால இவரு காலையில பொலிஸ்ல போயி அந்த அண்ணன் மேல சந்தேகம்னு என்ட்ரி போட்டுட்டாரு. சொந்தக்காரங்க செய்வினைன்னு சொல்றாங்க. நாலு நாள் கழிச்சி என் மகன், பதினேழு வயசு, ராத்திரி என்கிட்ட வந்து அழுதான். கூட்டாளியோட சேர்ந்து கார்ல பாட்டு சத்தம் கூட்டுற ஆம்பும் பெரிய சப் ஸ்பீக்கரும் போட்டப்ப பெட்டரியில இருந்து நேரா லைன் எடுத்தானாம், ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு அதுக்கு பதிலா கம்பிய முறுக்கி வச்சானாம். "அப்பாகிட்ட சொல்லாதம்மா"ன்னு சொல்றான். சாப்புட மாட்டேங்குறான். இன்சூரன்ஸ்ல இருந்து ஆள் பாக்க வரப்போறாங்க. நான் என்ன செய்யணும்?

பதில்: தங்கச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். ஒங்க மகன் வச்ச கம்பிதான் இந்த நெருப்புக்கு காரணம்னு இதுவரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது, ஒங்களாலயும் முடியாது, அவனாலயும் முடியாது. இத இன்னைக்கு ராத்திரியே அவன்கிட்ட சொல்லுங்க. ஆனா அவன் சொன்னத மறைக்கவும் கூடாது. இந்த ரெண்டும் சேர்ந்துதான் போகணும், ஏன்னு கீழ விவரமா சொல்றேன்.

நான் ஹட்டன் பக்கம் கராஜ்கள்ல முப்பத்தஞ்சு வருஷம் வாகன வயரிங் வேலை பாத்தவன். நம்ம ஆளுங்க நெறய பேரு நெனைக்கிறது சாவிய எடுத்துட்டா கார் தூங்கிருச்சுன்னு. இல்ல தங்கச்சி. சாவிய எடுத்தாலும் பெட்டரி பாசிட்டிவ்ல இருந்து போற பெரிய லைன், ஸ்டார்டர் மோட்டாருக்கு, பெட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டருக்கு, ஃபியூஸ் பெட்டிக்கு போறது, ராத்திரி பூரா கரண்டோடதான் இருக்கும். அலாரம், கடிகாரம், கதவு லொக், பிரேக்க கட்டுப்படுத்துற ஏபிஎஸ் பெட்டின்னு எத்தனையோ சாமான் முழிச்சிக்கிட்டே இருக்கும். 12 வோல்ட்டுதானேன்னு நெனைக்காதீங்க, தொட்டா ஷாக் அடிக்காது, ஆனா ஒரு சின்ன கார ஸ்டார்ட் பண்றப்பவே அந்த பெட்டரி நூறு ஆம்பியருக்கு மேல குடுக்குது, பாசிட்டிவ் வயர் எங்கயாச்சும் தோல் உரிஞ்சு கார் பொடி தகரத்துல முட்டினா அதவிட பல மடங்கு பாயும், வயர் செவந்து மேல இருக்குற பிளாஸ்டிக் உருகி சொட்ட ஆரம்பிக்கும். அந்த எடத்துல கரண்ட நிப்பாட்டுறதுக்குன்னு இருக்குறது ஃபியூஸ் மட்டும்தான்.

ஹோன் தானா அடிச்சிச்சு, லைட்டு தானா எரிஞ்சிச்சுன்னு எழுதிருக்கீங்க. அத செய்வினைன்னு சொல்றவங்களுக்கு இத வாசிச்சு காட்டுங்க. வயருங்க கட்டா போற எடத்துல நெருப்பு புடிச்சா பிளாஸ்டிக் உருகி ஒரு வயர் இன்னொரு வயர்ல ஒட்டும், ஹோனுக்கு போற லைன்ல கரண்ட் ஏறும், ஹோன் அடிக்கும். எரிஞ்ச வண்டிகள்ல இத நான் பல தடவ கேள்விப்பட்டிருக்கேன், ஒரு தடவ கண்ணாலயும் பாத்திருக்கேன். ஹோன் அடிச்சு ஒங்கள எழுப்பிவிட்டதே பெரிய விஷயம். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருந்தா குசினிக்குள்ள சிலிண்டர் இருந்துச்சே.

வெளிய இருந்து யாராச்சும் பெட்ரோல் ஊத்தி பத்த வச்சிருந்தா வழக்கமா மேல, கண்ணாடி பக்கம், டயர் பக்கம், தரையிலதான் மொதல்ல எரியும். பொனட்டுக்கு உள்ள இருந்து பொகை வந்து, ஹோனும் லைட்டும் வேலை செஞ்சி, அப்புறம் நெருப்புன்னா அது உள்ளயிருந்து வந்த நெருப்பு மாதிரிதான் எனக்கு தெரியுது. நேர்ல பாக்காம இதுக்கு மேல சொல்லக்கூடாது.

உள்ளயிருந்துன்னா ஏன் மகன் மேல மட்டும் பழி போடக்கூடாதுங்குறேன்? ஒரு வேன் பத்தி சொல்றேன். கொட்டகலை பக்கம் ஒருத்தரு வேன் ராத்திரி நிக்கிறப்ப பொகஞ்சி, நல்ல வேளையா அணைச்சிட்டாங்க, அடுத்த நாள் என்கிட்ட இழுத்துட்டு வந்தாங்க. இன்ஜின் மேல மூடிய கழட்டினா அடியில ஒரு எலிக்கூடு. காஞ்ச மானாப்புல்லு, ரொட்டி துண்டு, சாக்கு நாரு, ஒரு புள்ளையோட ஒத்த சாக்ஸ், எல்லாம் உருண்டையா சுத்தி வச்சிருக்கு, பாதி கருகியிருக்கு. பக்கத்துல ஆல்டர்னேட்டர் வயர் தோல கத்தியில சீவினாப்புல கடிச்சி வச்சிருக்கு, உள்ள செம்பு பளபளன்னு தெரியுது. நம்ம குளிருக்கு ராத்திரியில எலிக்கு சூடான எடம் வேணும், ஓடி வந்து நின்ன இன்ஜின விட நல்ல எடம் அதுக்கு எங்க கெடைக்கும்? ஒங்க வீட்டுக்கு பின்னால தேயில மலையா, மரக்கறி தோட்டமான்னு நீங்க எழுதல, ஆனா எலி இல்லாத எடம் நம்ம பக்கம் இல்ல.

ஆளு கை வைக்காமலே, கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்குற காரும் நின்ன எடத்துல எரிஞ்சிருக்கு. அமெரிக்காவுல 2023 செப்டம்பர்ல ஹூண்டாய், கியா கம்பெனிங்க முப்பது லட்சத்துக்கும் மேல வண்டிகள திரும்ப கூப்பிட்டு, சரி பண்ற வரைக்கும் வீட்டுக்கிட்ட நிப்பாட்டாதீங்க, வெளிய தள்ளி நிப்பாட்டுங்கன்னு சொன்னாங்க. ஏபிஎஸ் பெட்டிக்குள்ள பிரேக் ஒயில் கசிஞ்சி ஷார்ட் ஆகி நெருப்பு வரலாம்னு. அதுக்கு முன்னாடி ஃபோர்ட் கம்பெனி 1999ல இருந்து 2009 வரைக்கும் ஒரு கோடிக்கு மேல வண்டிகள கூப்பிட்டாங்க, அது வேகத்த ஒரே சீரா வச்சிருக்குற குரூஸ் கன்ட்ரோலோட சுவிட்ச், அதுவும் பிரேக் ஒயில் கசிவுதான், சாவி இல்லாமலே கரண்ட் இருக்குற சுவிட்ச் அது. ஒங்க கார் அந்த வகைன்னு சொல்ல வரல. பெரிய பெரிய இன்ஜினியருங்க கையிலயே தப்புன விஷயம் இது, பதினேழு வயசு புள்ள தலையில மட்டும் மொத்தத்தையும் ஏத்தி வைக்காதீங்கன்னு சொல்றேன்.

அதே நேரம் அவன் செஞ்சது தப்பு, அதையும் மழுப்பக்கூடாது. கணக்கு சின்னது. 300 வாட் ஆம்புன்னா 300ஐ 12ஆல பிரிங்க, 25 ஆம்பியர். சத்தம் கூட்டி வைக்கிறப்ப அதவிட கூடவே இழுக்கும். அவன் மெல்லிசு வயரும் அதுக்கேத்த சின்ன ஃபியூஸும் போட்டிருப்பான், ஆம்பு அதுக்கு மேல இழுத்ததாலதான் ஃபியூஸ் அடிக்கடி போயிருக்கு, ஃபியூஸ் போறது வயரு "என்னால முடியல"ன்னு சொல்றதுதான். அதுக்கு வயர மொத்தமா மாத்தணும், ஃபியூஸ் எடத்துல கம்பி வைக்கக்கூடாது. அந்த ஃபியூஸும் பெட்டரியில இருந்து ஒரு முழத்துக்குள்ள இருக்கணும், டிக்கியில ஆம்புகிட்ட வச்சா பிரயோசனம் இல்ல, நடுவுல வயர் உரிஞ்சா அது காப்பாத்தாது. பொனட்டுக்குள்ள இருந்து கெபினுக்கு வயர் போற ஓட்டையில ரப்பர் வளையம் போடணும், இல்லாட்டி தகரம் நாள்பட நாள்பட வயர அறுக்கும். நம்ம பக்கம் கார்ல பாட்டு வச்ச கடைகள்ல எத்தன பேரு இத சரியா செய்றாங்கன்னு பாத்தா மனசு வேதனையாத்தான் இருக்கு, காசு வாங்கி வேலை செய்யிற பெரியவங்களே விடுற தப்ப அந்தப் புள்ளயும் விட்டிருக்கான்.

இப்ப செய்ய வேண்டியது. எரிஞ்ச கார யாரும் தொடக்கூடாது. கழுவ வேணாம், பெட்டரிய கழட்ட வேணாம், அந்த முறுக்கின கம்பிய எடுத்து வீசவே வேணாம், ஒங்க மகன் பயத்துல அத செஞ்சிருவான், அவன்கிட்ட தெளிவா சொல்லி வைங்க. நாலு பக்கமும், பொனட் உள்ளயும், தரையிலயும் ஃபோன்ல ஃபோட்டோ எடுங்க. மழை நனையாம மேல படங்கு போடுங்க. செம்பு வயர் ஷார்ட் ஆன எடத்துல சின்ன சின்ன உருண்டையா, மணி மாதிரி உருகி நிக்கும், வெறும் நெருப்புல எரிஞ்ச வயர் நுனி வேற மாதிரி இருக்கும், வேலை தெரிஞ்சவங்க அத பாத்து எங்க தொடங்கிச்சுன்னு தேடுவாங்க. நெருப்பு பரவுறப்பவும் அந்த மாதிரி உருண்டை வரலாம், அதனால ஒரு உருண்டைய பாத்து முடிவு சொல்ல மாட்டாங்க. பொலிஸ் தேவைன்னு நெனைச்சா அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு மாதிரி அனுப்புவாங்க, பெட்ரோல் ஊத்தியிருந்தா அங்க தெரிய வாய்ப்பிருக்கு. ஒங்க பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அதுதான் பாதுகாப்பு, அதனாலயும் கார தொடாதீங்க.

இப்ப அந்த அண்ணன் விஷயம். இத நெனைச்சாதான் எனக்கு தாங்கல. நெருப்பு எரியிற சுவரு பக்கம் ஓடி வந்து சிலிண்டர தூக்கிட்டு போன மனுஷன், நாள பின்ன பொலிஸ் வாசல்ல போயி நிக்கணும். ஒங்க வீட்டுக்காரர் அன்னைக்கு கோவத்துல, தெரியாம சந்தேகப்பட்டாரு, அது மனுஷ இயல்பு. ஆனா மகன் சொன்னது தெரிஞ்ச பெறகும் அந்த என்ட்ரிய அப்படியே விட்டா அது வேற கணக்கு, சட்டத்துலயும் பொய்னு தெரிஞ்சே தகவல் குடுக்குறது குற்றம். அதே பொலிஸ்ல போயி மேலதிக வாக்குமூலம் குடுக்கலாம், கார்ல இப்படி ஒரு வயரிங் வேலை நடந்திருக்கு, இப்பத்தான் தெரிய வந்துச்சு, அவர் மேல எங்களுக்கு சந்தேகம் இல்லன்னு. அத முடிச்சிட்டு நீங்க ரெண்டு பேரும் அவங்க வீட்டு வாசப்படி ஏறி போங்க. ஒரே வரிசையில ஒரே பீலியில தண்ணி புடிக்கிறவங்க, கொழுந்து நிறுக்குற எடத்துல தெனமும் மூஞ்சிய பாக்குறவங்க. அவங்க வீட்டு கூரை தகட்டுல, சுவத்துல ஏதாச்சும் வெடிப்பு வந்திருந்தா அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே கேளுங்க.

வீட்டுக்காரர்கிட்ட எப்படி சொல்றது? மகன தனியா அனுப்பாதீங்க. நீங்க சொல்லுங்க, அவன் பக்கத்துல இருக்கட்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு பெறகு, வேற யாரும் இல்லாதப்ப, மொதல்ல ஹோன் விஷயமும் எலி விஷயமும் சொல்லி, காரணம் இன்னும் தெரியலங்குறத சொல்லி, அப்புறம் கம்பி விஷயத்த சொல்லுங்க. அவரு கத்துவாரு, கட்டாயம் கத்துவாரு, காசு போட்ட கார். அத நீங்க வாங்கிக்கங்க. ஒங்க மகன் யாரும் கேக்காமலே தானா வந்து சொல்லியிருக்கான் தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரர் மாட்டிக்குவாருன்னு தெரிஞ்சிதான் அவனுக்கு தூக்கம் வரல. இந்த மாதிரி புள்ளய பெத்ததுக்கு நீங்க தலகுனிய ஒண்ணும் இல்ல. ஆனா சாப்பாடு எறங்காம, தூங்காம இன்னும் ஒரு வாரம் போச்சுன்னா தோட்டத்து டிஸ்பென்சரியோட நிக்காம ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு போங்க, ராத்திரியில தனியா படுக்க விடாதீங்க.

இன்சூரன்ஸ் ஆள்கிட்டயும் நடந்தத நடந்தபடி சொல்லுங்க. ஒங்களது ஃபுல் இன்சூரன்ஸ்னுதான் நெனைக்கிறேன், தேர்ட் பார்ட்டி மட்டும்னா சொந்த கார் எரிஞ்சதுக்கு ஒண்ணும் கெடைக்காது. ஃபுல் இன்சூரன்ஸ்ல நெருப்பு பொதுவா சேர்ந்திருக்கும். கவனமில்லாம நடந்ததுக்கும் வேணும்னு செஞ்சதுக்கும் அவங்க வித்தியாசம் பாப்பாங்க, ஆனா பொய் சொன்னது புடிபட்டா மொத்தமும் போயிரும், அது பொதுவா பொலிசியில இருக்கும். வெளிய வேலை செஞ்ச வயரிங்க காரணம் காட்டி குறைக்கவோ மறுக்கவோ பாக்கலாம். அப்ப காரணத்த எழுத்துல கேளுங்க, வாயால சொல்றத வச்சிக்கிட்டு வீட்டுக்கு வராதீங்க. எழுத்துல கெடைச்சா, இந்த மாதிரி முறைப்பாடுகள விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன்கிட்ட முறைப்பாடு குடுக்கலாம், காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கு.

வீட்டு பக்கம் ரெண்டு விஷயம் மட்டும். நெருப்பு பட்ட சுவத்துக்குள்ள போற வீட்டு வயரிங்க ஒரு எலக்ட்ரீஷியன் சோதிக்காம அந்த லைனுக்கு சுவிட்ச் போடாதீங்க. கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டா இருந்து சூட்டுல வெடிச்சி செதறியிருந்தா வெளக்குமாத்தால காஞ்சபடி கூட்டாதீங்க, தண்ணி தெளிச்சி, மூக்க கட்டிக்கிட்டு, துண்டுகள பொறுக்கி பையில போட்டு கட்டுங்க, அந்த தூசு நுரையீரலுக்கு கேடு. புள்ளைங்கள அந்த பக்கம் விடாதீங்க.

கேள்வி: எரிஞ்ச வண்டிக்கும் மாசா மாசம் லீசிங் கட்டணுமா? பண்டாரவளையில இருந்து ஒரு வாசகர்.

பதில்: கட்டணும் தம்பி. கேக்க கொடுமையாத்தான் இருக்கும், ஆனா லீசிங் எடுத்த வண்டியோட புத்தகத்துல முழு உரிமையாளர்னு அந்த லீசிங் கம்பெனி பேருதான் இருக்கும். வண்டி மொத்தமா போச்சுன்னு இன்சூரன்ஸ் ஒத்துக்கிட்டா காசு மொதல்ல அவங்களுக்கு போகும், மிச்சம் இருந்தாத்தான் ஒங்களுக்கு. பத்தலன்னா மிச்சத்த நீங்க கட்டணும். அதனால எரிஞ்ச அன்னைக்கே, இல்ல அடுத்த நாளாச்சும், லீசிங்குக்கு எழுத்துல அறிவிங்க, கிளெய்ம் முடியிற வரைக்கும் தவணைய தள்ளி வைக்க முடியுமான்னு அதே கடிதத்துல கேளுங்க, தானா யாரும் தள்ளி வைக்க மாட்டாங்க. கட்டாம விட்டா அபராத வட்டி ஏறும்.

இன்னொண்ணு, 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டின பெறகு பழைய வண்டி வெல எங்கயோ போச்சு, 2025 பெப்ரவரியிலதான் திரும்ப தொறந்தாங்க. அந்த இடைப்பட்ட காலத்துல பொலிசிய புதுப்பிக்கிறப்ப பழைய பெறுமதியையே போட்டு வச்சவங்க இருக்காங்க, பிரீமியம் கொறையுமேன்னு, ஆனா வண்டி எரிஞ்சா கெடைக்கிற காசும் அந்த கொறஞ்ச பெறுமதிக்குத்தான். இப்ப இத வாசிக்கிற எல்லாரும் பொலிசி தாள எடுத்து அந்த தொகைய ஒருக்கா பாருங்க.

கேள்வி: 2022ல பெட்ரோல் இல்லாம பட்ட பாடு மறக்கல, இன்னைக்கும் ரெண்டு கேன் கார் நிக்கிற கொட்டில்ல வச்சிருக்கேன். மூடி இறுக்கமாத்தான் இருக்கு. பிரச்சினை வருமா? இராகலை வாசகர்.

பதில்: வரும் ஐயா, இன்னைக்கே எடுத்திருங்க. அந்த க்யூவுல நானும் ரெண்டு ராத்திரி படுத்தவன், ஒங்க பயம் எனக்கு புரியுது. ஆனா பெட்ரோல் நம்ம மார்கழி குளிர்லயும் ஆவியாகிக்கிட்டே இருக்கும், அந்த ஆவி காத்த விட பாரம், மேல போகாம தரையோட ஊர்ந்து பள்ளத்துல, மூலையில தேங்கி நிக்கும். நாலு அடி தள்ளி ஒரு சுவிட்ச் பொறி போதும். தண்ணி கேன், எண்ணெய் கேன் பிளாஸ்டிக் எல்லாம் பெட்ரோலுக்கு தாங்காது, மெதுவா ஊறி வெடிப்பு விழுந்து கசியும். வண்டி டேங்க்ல ஊத்துங்க, அதுக்குன்னு செஞ்ச பாதுகாப்பான எடம் அதுதான்.

கேள்வி: ஹைபிரிட் கார் வாங்கலாமான்னு யோசிக்கிறேன், பெரிய பெட்டரி வெடிக்கும்னு பயமுறுத்துறாங்க. ஹட்டன் வாசகி.

பதில்: வாங்குங்க தங்கச்சி, ஆனா கண்ண தொறந்து வாங்குங்க. ஹைபிரிட்ல பெரிய பெட்டரி 200 வோல்ட் அளவுல இருக்கும், அந்த லைன் எல்லாம் ஒரேஞ்ச் கலர் வயரா ஓடும், அத வீட்டுல யாரும் தொடவே கூடாது, வேலை தெரியாத மெக்கானிக் பாஸ்மார்கிட்டயும் குடுக்கக்கூடாது. பழைய டொயோட்டா ஹைபிரிட்ல நெறய வண்டிக்கு இருக்குறது நிக்கல் பெட்டரி, லிதியம் மாதிரி அது சீக்கிரம் பத்தாது. நம்ம ஊர்ல எனக்கு பயம் வேற எடத்துல. பின் சீட்டு பக்கம் அந்த பெட்டரிக்கு காத்து இழுக்குற ஓட்டை ஒண்ணு இருக்கும், அதுல தூசு, புள்ளைங்க தின்ன பிஸ்கட் தூளு, கம்பளி நூல் அடைச்சி ஃபேன் வேலை செய்யாம பெட்டரி சூடாகும். வாங்கப்போற வண்டியில அந்த ஓட்டைய கை வெளக்கு அடிச்சி பாருங்க, அங்க எப்படி வச்சிருக்காங்களோ அப்படித்தான் மத்ததையும் வச்சிருப்பாங்க. செல் செல்லா மாத்தி கட்டின பெட்டரியா, முழுசா மாத்தினதான்னு கேட்டு பில்ல வாங்குங்க.

லிதியம் பெட்டரி வண்டின்னா ஒண்ணு மனசுல வைங்க, எரிஞ்சி அணைஞ்சாலும் மணிக்கணக்கு கழிச்சி, சில நேரம் நாள் கணக்கு கழிச்சிகூட திரும்ப பத்தலாம். அணைச்சிட்டோம்னு வீட்டுக்குள்ள, கூரைக்கு கீழ இழுத்து வைக்கக்கூடாது.

கேள்வி: எங்க வரிசையில எட்டு வீடு, நாலு வாகனம். தலவாக்கலை விஷயம் எங்க காதுக்கும் வந்துச்சு, அதுல இருந்து எல்லாருக்கும் பயம். என்ன வாங்கி வைக்கலாம்? காசு கூட செலவழிக்க முடியாது. பொகவந்தலாவை வாசகர்கள் சேர்ந்து எழுதியது.

பதில்: சேர்ந்து எழுதினதே சந்தோசம். வாகனத்துக்கு ஒண்ணா இல்லாட்டியும் நாலு வாகனத்துக்கும் பொதுவா ரெண்டு, நெருப்பு அணைக்கிற டிரை பவுடர் சிலிண்டர், ரெண்டு கிலோவுக்கு குறையாம, எட்டு வீடும் பங்கு போட்டா பெரிய காசு வராது. ஒண்ண வரிசையோட ஒரு தலையிலயும் இன்னொண்ண மறு தலையிலயும் இஸ்தோப்புல, முன் திண்ணையில தொங்க விடுங்க, பூட்டுன காம்பராவுக்குள்ள வேணாம். ரெண்டு கிலோ சிலிண்டர் பத்து செகண்ட் பக்கம்தான் அடிக்கும், அதனால பொகை வர்ற ஆரம்பத்துல மட்டும்தான் அது ஒதவும்.

பொனட்ட மட்டும் முழுசா தொறந்துறாதீங்க. காத்து உள்ள போனதும் நெருப்பு மூஞ்சிக்கு நேரா வரும். லொக் விடுவிச்சி கிடைக்கிற சின்ன சந்துக்குள்ள, இல்லாட்டி முன் கிரில் வழியா, பவுடர அடிங்க. அடிச்சும் அடங்கலன்னா விட்டுட்டு தள்ளி வாங்க. டயர் வெடிக்கும், பொனட்டையும் டிக்கியையும் தாங்குற கேஸ் கம்பி சூட்டுல அம்பு மாதிரி பாயும், பொகையில பிளாஸ்டிக் வெஷம் இருக்கு. வாளி எடுத்துட்டு கிட்ட போற இளந்தாரிகள பெரியவங்கதான் புடிச்சி நிப்பாட்டணும். தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 119, யாருக்காச்சும் காயம்னா 1990 ஆம்புலன்ஸ், கரண்ட் கோளாறுக்கு 1987. நம்ம தோட்டத்து ரோட்டுல தீயணைப்பு வண்டி வந்து சேர நேரம் எடுக்கும், பக்கத்து நகரசபையில தீயணைப்பு பிரிவு இருந்தா அந்த நம்பரையும் கேட்டு குசினி சுவத்துல எழுதி வைங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன்ல தேட கை வராது.

இது காசில்லாத வேலை. நாலு வாகனத்தையும் குசினி சுவரு பக்கத்துல இருந்து தள்ளி, கேஸ் சிலிண்டருக்கு எதிர்ப்பக்கமா, முடிஞ்சா ஆளுக்கு பத்தடி எட்டத்துல நிப்பாட்டுற மாதிரி உக்காந்து பேசி ஒரு முடிவெடுங்க. காஞ்ச டர்பன்டைன் மரத்து எல குமிஞ்சி கெடக்குற எடத்துல நிப்பாட்டாதீங்க, ரம்பொடை எறக்கம் மாதிரி நீள எறக்கம் எறங்கி வந்து சக்கரத்துல கருகல் வாசம் அடிச்சா கொஞ்ச நேரம் ரோட்டோரமா ஆற விட்டுட்டு அப்புறம் வாசலுக்கு கொண்டு வாங்க. வாரத்துல ஒரு நாள் பொனட்ட தொறந்து எலிக்கூடு இருக்கான்னு பாருங்க. ரெண்டு மூணு நாள் வண்டி எடுக்கப்போறதில்லன்னா பெட்டரி நெகடிவ் டெர்மினல கழட்டி வைக்கலாம், பத்து நம்பர் சாவி ஒண்ணு போதும். ஹைபிரிட்டுக்கு மட்டும் கேக்காம கழட்டாதீங்க.

தலவாக்கலை தங்கச்சிக்கு கடைசியா ஒண்ணு. பரீட்சை முடிஞ்சி லீவு வர்றப்ப மகன ஹட்டனுக்கு அனுப்புங்க. என் பழைய கராஜ்ல இப்ப என் சிஷ்யன்தான் வேலை பாக்குறான், நானும் கிழமையில மூணு நாள் போறேன். வயர் தடிப்பு பாக்குறது, ஃபியூஸ் கணக்கு போடுறது, எரிஞ்ச வயரிங்க பிரிச்சி பாத்து எங்க தொடங்கிச்சுன்னு தேடுறது எல்லாம் கூட இருந்து சொல்லிக்குடுக்குறேன். கைக்காசு ஒண்ணும் கொண்டு வர வேணாம், மத்தியான சோறு எங்க வீட்டுல.